உங்களுக்குத் தெரியுமா? பாடும் மின்பொறி!

பாட்டு வாசிக்கும் டெஸ்லா காயிலில் (மின்பொறி தெறிக்கவிடும் உயர் மின்னழுத்தச் சுருள்) ஸ்பீக்கரே கிடையாது, பாடுவது மின்பொறிதான்! பொறி தெறிக்கும்போதெல்லாம் காற்று சூடேறி விரிகிறது. நொடிக்கு 440 முறை தெறித்தால், 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் காதில் விழும்.

• எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் டிரான்ஸ்பார்மர்கள் ரீங்கரிப்பதும் ஒரு ஸ்வரமே. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவற்றின் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை அதிர்கின்றன.

• மலிவான சிறு டெஸ்லா காயில் கிட்டுகள் பல 24 வோல்ட் அடாப்டரிலேயே ஓடும். நுணுக்கமெல்லாம் காயில் கட்டுவதில்தான்: தலைமுடிபோல மெல்லிய எனாமல் கம்பியைப் பிவிசி குழாயில் நூற்றுக்கணக்கான சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், நெருக்கமாகச் சுற்ற வேண்டும். மேலே வார்னிஷ் பூசுவது நல்லது. ராயபுரம் கடற்காற்றின் உப்பும் ஈரமும் படிந்தால் மின்சாரம் கம்பியின் மேற்பரப்பிலேயே கசிந்துவிடும்.

• பொறியைத் தொட்டால் தோல் பொசுங்கும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கிட்டவே வரக்கூடாது.