எடைக்குப் போடக் கூடாத கேமரா

1990களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் வீட்டு விசேஷங்களைப் படம்பிடித்த கையடக்க வீடியோ கேமராக்கள் இன்று பெரும்பாலும் பரணிலோ பீரோவின் மேல்தட்டிலோ கிடக்கின்றன. பேட்டரியில் சார்ஜ் நிற்பதில்லை, கையில் செல்பேசி இருக்கிறது. அதனால் வீடு ஒழிக்கும் நாளில் கேசட்டுகளை மட்டும் ஒரு டப்பாவில் பத்திரப்படுத்திவிட்டு, கேமராவைப் பழைய சாமான்களோடு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். படம் கேசட்டில்தானே இருக்கிறது, கேமரா வெறும் கருவிதானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தக் கருவி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், கேசட்டில் இருப்பது பாதிதான் என்று விளங்கும். மீதிப் பாதி கேமராவுக்குள் இருக்கிறது. கேசட்டில் உள்ளதைக் கணினிக்கு மாற்றி முடிக்கும்வரை கேமராவைக் கைவிடக் கூடாது. மாற்றும் வேலையையும் இனித் தள்ளிப்போடக் கூடாது.

படமெடுப்பதையும் பதிவு செய்வதையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய முதல் வீட்டு உபயோகக் கருவி, 1983இல் சோனி வெளியிட்ட பீட்டாமூவி. அதில் பதிவு செய்ய மட்டுமே முடியும். எடுத்ததைப் பார்க்க வீட்டில் தனியாக ஒரு பீட்டாமேக்ஸ் டெக் வேண்டும். அடுத்த ஆண்டு ஜேவிசி நிறுவனம் சிறிய வி.எச்.எஸ். கேசட்டில் இயங்கும் ஜிஆர்-சி1 கேமராவைக் கொண்டுவந்தது. அந்தச் சிறிய கேசட்டை ஒரு கூட்டுக்குள் பொருத்தி வழக்கமான வி.எச்.எஸ். டெக்கிலேயே ஓட்டலாம். பிறகு வந்த 8 மில்லிமீட்டர் கேசட்டுக்கு இந்த வசதி கிடையாது. 1989இல் சோனி விற்ற டிஆர்55 ஹேண்டிகேம் 790 கிராம்தான் எடை; பாஸ்போர்ட் அளவு என்றே விளம்பரம் செய்தார்கள். 1995இல் மினிடிவி என்ற டிஜிட்டல் கேசட் வந்தபோது கேமரா உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. இந்த இரண்டு வகை கேசட்டுகளையும் ஓட்டும் தனி டெக்குகள் விற்பனைக்கு இருந்தாலும், ஸ்டூடியோக்காரர்களைத் தவிர அவற்றை வாங்கியவர்கள் குறைவு. கேமராவிலிருந்தே தொலைக்காட்சிக்கு வயர் போட்டுப் பார்த்துவிடலாம் என்பதால் தேவையும் எழவில்லை. ஆக, பெரும்பாலான வீடுகளில் பதிவு செய்த கேமராதான் அந்த கேசட்டை ஓட்டிக்காட்டத் தெரிந்த ஒரே கருவியும்.

உள்ளே நடக்கும் வேலை வியக்கத்தக்கது. மினிடிவி கேசட்டின் நாடா 6.35 மில்லிமீட்டர் அகலம். அது நகரும் வேகம் நொடிக்கு 19 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் படத்துக்கு மட்டும் நொடிக்கு சுமார் 25 மெகாபிட் தகவலை அதில் எழுதியாக வேண்டும்; ஊர்ந்து செல்லும் நாடாவில் நேர்கோட்டில் எழுதினால் இது நடக்காத காரியம். அதனால் நாடாவை ஒரு சிறு உலோக உருளையின் மேல் சாய்வாகச் சுற்றவைக்கிறார்கள். 21.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த உருளை நிமிடத்துக்கு 9000 முறை சுழல்கிறது. அதில் பொருத்திய காந்த ஹெட்டுகள், நாடாவின் குறுக்கே சாய்ந்த கோடு கோடாகத் தடங்களை இழுத்துக்கொண்டே போகின்றன. நாடா மெதுவாக நகர்ந்தாலும், அதன்மேல் ஹெட் பாயும் வேகம் நொடிக்கு சுமார் 10 மீட்டர். இதே வேகத்தில் நேர்கோட்டில் எழுத நேர்ந்தால் ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 36 கிலோமீட்டர் நாடா தேவைப்படும். சாய்த்து எழுதுவதால் 70 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. கேமரா சட்டைப்பை அளவுக்குச் சுருங்கியதில் லென்ஸுக்கும் சில்லுக்கும் பங்கு உண்டு. என் கணிப்பில் பெரிய பங்கு இந்தச் சாய்ந்த உருளைக்குத்தான்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. நம் ஊர் முறையில் நொடிக்கு 25 படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் 12 தடங்கள், அதாவது நொடிக்கு 300 தடங்கள். ஒவ்வொன்றின் அகலமும் 10 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படிப் பல தடங்கள் அடங்கிவிடும். திரும்பப் பார்க்கும்போது ஹெட் அதே கோட்டின்மேல் அதே சாய்வில் போக வேண்டும். நாடாவை வழிநடத்தும் குச்சிகள் கேமரா கீழே விழுந்ததாலோ தேய்ந்ததாலோ இம்மி அளவு இடம் மாறியிருந்தால், அந்த மாறிய சாய்விலேயே பதிவும் ஆகியிருக்கும். எழுதிய கேமராவுக்கு அது சரியாகவே தெரியும். வேறு கேமராவில் போட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும், ஒலி விட்டுவிட்டு வரும். 60 நிமிட கேசட்டில் 90 நிமிடம் எடுக்க உதவும் எல்பி முறையில் தடத்தின் அகலம் 6.7 மைக்ரானாகக் குறைகிறது, தொல்லையும் அந்த அளவுக்குக் கூடுகிறது. எல்பி முறையில் எடுத்ததை எடுத்த கேமராவிலேயே பாருங்கள் என்று கேமராவோடு வந்த கையேடுகளே சொன்னது இதனால்தான். கேசட் விலையை மிச்சம்பிடிக்க எல்பி முறையில் எடுத்துத் தள்ளிய குடும்பங்கள், கேமராவை எடைக்குப் போட்டால் படத்தையும் சேர்த்தே போட்டதாகிவிடக்கூடும்.

கடையில் கொடுத்தால் மாற்றித் தந்துவிடுவார்களே, கேமரா எதற்கு என்று கேட்கலாம். நல்ல கடைகள் இருக்கின்றன. எந்த வழியில் மாற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகே கொடுக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏவி வயரில் எடுத்து டிவிடியாகக் கொடுப்பது ஒரு வழி. இதில் டிஜிட்டல் தகவல் முதலில் அலைவடிவ மின்குறிப்பாக மாறி, பிறகு மறுபடி டிஜிட்டலாகி, டிவிடிக்காக இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. ஒரு மணி நேர மினிடிவி பதிவு சுமார் 13 ஜிபி. சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. ஃபயர்வயர் என்னும் வயரில் எடுப்பது இன்னொரு வழி. அதில் நாடாவில் உள்ள எண்கள் அப்படியே கணினிக்கு வந்துசேர்கின்றன, ஒவ்வொரு படத்தோடும் பதிவான தேதியும் நேரமும் உட்பட. கேமராவின் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்தால், எந்த நாள் எத்தனை மணிக்கு எடுத்தது என்பது இருபது ஆண்டு கழித்தும் தெரியும். ஏவி வயரில் இந்தத் தகவல் வருவதில்லை. கேமராவில் இருக்கும் யுஎஸ்பி துளையை நம்பியும் ஏமாறக் கூடாது. பல மாடல்களில் அது புகைப்படங்களைக் கணினிக்கு மாற்றவும் தரம் குறைந்த வீடியோ அனுப்பவும் மட்டுமே.

நாடா இத்தனை நாள் இருந்துவிட்டது, இன்னும் பத்து வருடம் இருக்காதா என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. வறண்ட, அதிகச் சூடில்லாத இடத்தில் வைத்த நாடாக்கள் பல நன்றாகவே இருக்கின்றன. காத்திருக்காதது இயந்திரம். நாடாவை அழுத்திப் பிடித்து இழுக்கும் ரப்பர் உருளை இறுகிப் பளபளப்பாகி வழுக்கத் தொடங்குகிறது, பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் விரிசல் விடுகின்றன. 1990களின் தொடக்கத்தில் வந்த, 8 மில்லிமீட்டர் கேசட்டின் மேம்பட்ட வகையான ஹை8 கேமராக்களில் மின்தேக்கிகள் கசிந்து சர்க்யூட் போர்டை அரிப்பது மெக்கானிக்குகள் நன்றாக அறிந்த கோளாறு. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் வி.எச்.எஸ். டெக் உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம், காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025ஐக் கெடுவாகக் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நாடா கெடுவதைப் போலவே, ஓட்டும் இயந்திரங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் மறைந்துவருவதும் அந்தக் கணக்குக்குக் காரணம். ஆவணக்காப்பகத்துக்கே இந்தக் கவலை என்றால் வீட்டு டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அந்த கேசட்டைக் கேமராவில் போடவே கூடாது. பூஞ்சை ஹெட்டை அடைத்துக்கொண்டு அடுத்து வரும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். அதை விவரம் தெரிந்தவரிடம் தனியாகக் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

அந்தத் தரத்தில் இன்று யார் பார்ப்பார்கள் என்பது இன்னொரு எதிர்ப்பு. 720க்கு 576 புள்ளிகள் என்பது இன்றைய செல்பேசிக்கு முன் சிறியதுதான். ஆனால் பழைய வீடியோவைக் கணினியில் பார்க்கும்போது எரிச்சலூட்டும் சீப்புப் பல் போன்ற கோடுகள் பதிவின் குறை கிடையாது. அந்தக் கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் ஒற்றைவரி, இரட்டைவரி என இரண்டு பாதியாக எடுத்தன, நொடிக்கு 50 பாதிகள். அதைச் சரியாகப் பிரித்துக் காட்டும் மென்பொருளில் பார்த்தால் அசைவு மிகவும் வழுவழுப்பாக இருக்கும். அதைவிட முக்கியமானது நீளம். ஒரு மணி நேர கேசட் கையில் இருந்ததால் எடுத்தவர்கள் நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். பந்தியில் யார் யாரை எந்த உறவு சொல்லி அழைத்தார்கள், பாட்டி என்ன கோபத்தில் என்ன சொன்னார் என்பதெல்லாம் நடுவில் வெட்டப்படாமல் கிடைப்பது அதில்தான். முப்பது நொடித் துணுக்குகளில் அது அமையாது.

மாற்றும் வேலையில் முதலில் செய்ய வேண்டியது, கேசட்டின் முதுகில் உள்ள சிறு தாழ்ப்பாளைப் பதிவைத் தடுக்கும் பக்கம் தள்ளிவிடுவது. கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது. செத்த பேட்டரிக்காகக் கவலைப்பட வேண்டாம், அடாப்டரில் நேராக மின்சாரம் கொடுத்தால் போதும். ஏ.சி. அறையில் இருந்த கேமராவைப் புழுக்கத்துக்குள் கொண்டுவந்த உடனே கேசட் போட்டால், உருளைமேல் படிந்த ஈரத்தில் நாடா ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். வெகுநாள் கிடந்த நாடாவை முழுக்க ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டித் தளர்த்திய பிறகே பார்க்க வேண்டும். இழப்பதற்கு வருத்தமில்லாத கேசட்டில் தொடங்குங்கள். கல்யாண கேசட் பிறகு வரட்டும். கேமரா ஏற்கெனவே போய்விட்டவர்கள் அதே மாடலைப் பழைய பொருள் சந்தையில் தேடலாம், எல்பி முறையில் எடுக்காத கேசட்டுகள் பெரும்பாலும் அதில் ஓடிவிடும். ஹை8 கேசட் வைத்திருப்பவர்களுக்கு 1999இல் வந்த டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள் உதவும்; அவை பழைய கேசட்டையும் ஓட்டி ஃபயர்வயரில் அனுப்பும். கணினிக்கு வந்த மூலக் கோப்பை அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், முடிந்தால் இரண்டு வீடுகளில் வைக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதற்கான சிறிய நகல் வேறு. ஹார்ட் டிஸ்க்கும் கெடுமே என்றால், கெடும். ஆனால் ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் நகலெடுத்துவிடலாம். இருபது கேசட்டை ஓட்ட எப்போதும் இருபது மணி நேரம் வேண்டும், ஓடும் கேமராவும் வேண்டும்.