தெப்ராவ் நீரிணையில் இறங்கிய பறக்கும் படகுகள்

ஜோகூர் மாநிலத்தின் தென்கரைக்கும் சிங்கப்பூர்த் தீவின் வடகரைக்கும் இடையே ஓடும் ஒடுங்கிய கடலை மலாய் மக்கள் தெப்ராவ் நீரிணை என்பர். இருபுறமும் நிலம் சூழ்ந்திருப்பதால் திறந்த கடலின் பேரலைகள் இதனுள் புகுவதில்லை. அலையாத்திக் காடுகள் அடர்ந்த இந்நீரிணையில் ஓராங் சிலேத்தார் எனப்படும் கடல்வாழ் பழங்குடியினர் தங்கள் படகுகளையே வீடாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்கள் வழியினர் இன்றும் ஜோகூர்க் கரையோரச் சிற்றூர்களில் வாழ்கின்றனர். இப்படகு மக்களின் பெயரைத் தாங்கிய சிலேத்தார் என்னும் இடமே பின்னாளில் வேறொரு வகைப் படகுகளுக்கு உறைவிடமாயிற்று. அவை பறக்கும் படகுகள்.

கடற்காவல் விமானங்களின் வரலாற்றில் இந்நீரிணைக்கு உரிய இடம் பெரிது. ஆயினும் நம் பள்ளி நூல்களில் அது பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. மலாயாவின் வீழ்ச்சியோடும், இலங்கை தப்பிய கதையோடும், சென்னை நகரத்தார் ஊரைக் காலி செய்த கதையோடும் தொடர்புடைய இவ்வரலாறு, தமிழர்க்கும் அயலானதன்று.

பெயரும் பொருளும்

நீரில் இறங்கும் விமானங்கள் யாவும் ஓரினத்தவை அல்ல. சாதாரண விமானத்தின் சக்கரங்களை நீக்கி, அவ்விடத்தில் இரண்டு மிதவைகளைப் பொருத்தினால் கிடைப்பது மிதவை விமானம். இதன் உடல் நீரைத் தொடுவதில்லை, மிதவைகளே தொடும். உடலே படகாக அமைந்து நீரில் மிதப்பது பறக்கும் படகு. இப்பறக்கும் படகுக்கு மடக்கி நீட்டத்தக்க சக்கரங்களையும் சேர்த்துவிட்டால், அது நீரிலும் இறங்கும், நிலத்திலும் இறங்கும். அதுவே நீர்நில விமானம். தவளை இரண்டிடத்தும் வாழ்வதுபோல இதுவும் வாழ்கிறது. சூத்திரங்களின் நிலையை விளக்கப் புகுந்த நன்னூலார் தவளைப் பாய்த்தையும் பருந்தின் வீழ்வையும் அடுத்தடுத்து வைத்தார். இவ்விரண்டு இயல்புகளும் ஓருடலில் கூடியது இவ்விமானம் எனலாம்.

சக்கரம் இல்லாத பறக்கும் படகைக் கரையேற்றுவது எளிதன்று. ஆட்கள் நீரில் இறங்கி, தனியாக வைத்திருக்கும் சக்கரங்களை அதன் பக்கங்களில் மாட்டவேண்டும். பிறகு இழுவை வண்டி கொண்டு சாய்தளத்தின் வழியே மேலே இழுக்கவேண்டும். பழுது பார்க்கும் ஒவ்வொரு முறையும் இவ்வேலை உண்டு. உப்புநீரில் நெடுநாள் கிடந்தால் உலோகம் அரிக்கப்படும். அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டும். இத்தொல்லைகளுக்கு மாற்றாகவே சக்கரம் உடன்பிறந்த நீர்நில விமானம் உருவாயிற்று.

நீரினின்று எழும் முறை

நீர் நிறைந்த தொட்டியின்மேல் கிடக்கும் தட்டையான மூடியைத் தூக்கிப் பார்த்தவர்கள், நீர் அதனைப் பற்றி இழுப்பதை உணர்ந்திருப்பர். பறக்கும் படகுக்கும் இதே இடையூறு உண்டு. எவ்வளவு விசையோடு ஓடினாலும் நீர் அதன் அடிப்பகுதியைப் பற்றிக்கொண்டு விடாது. இதனைத் தீர்க்கப் பொறியியலார் கண்ட வழி எளிமையானது. படகின் அடிப்பகுதியில் குறுக்கே ஒரு படியை அமைத்தனர். ஓட்டம் மிகும்போது படகின் முன்பாகம் நீரின்மேல் ஏறிச் சறுக்குகிறது. படிக்குப் பின்னுள்ள இடைவெளியில் காற்று புகுகிறது. நீரின் பிடி அறுகிறது. குளத்தில் ஓட்டுச்சில்லைத் தாழ எறிந்தால் அது மூழ்காமல் தத்தித் தத்திச் செல்வதுபோல விமானமும் நீரின் மேற்பரப்பில் சறுக்கி, வேண்டிய வேகம் வந்ததும் எழுந்துவிடுகிறது.

இறங்குவதில் வேறோர் இடர் உண்டு. பேரலை ஆபத்தானது என்பதை எவரும் அறிவர். அசைவற்ற கண்ணாடி நீரும் ஆபத்தானதே என்பதைப் பலர் அறியார். சிற்றலையும் இல்லாத நீரின்மேல் வரும் விமானி, தனக்கும் நீருக்கும் உள்ள தொலைவைக் கண்ணால் மதிப்பிட இயலாது தடுமாறுவார். மென்காற்றும் சிற்றலையும் உள்ள காவலான நீர்ப்பரப்பே பறக்கும் படகுக்கு உகந்தது. தெப்ராவ் நீரிணை அத்தகையது.

சிலேத்தார்த் தளம்

1927 அக்டோபரில் பிரிட்டிஷ் விமானப் படையின் நான்கு சவுதாம்ப்டன் பறக்கும் படகுகள் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. கேவ்-பிரவுன்-கேவ் என்பவர் தலைமை தாங்கினார். கரையோரமாகத் தங்கித் தங்கி இந்தியாவைக் கடந்து, 1928 பிப்ரவரியில் அவை சிலேத்தாரில் இறங்கின. பின்னர் ஆஸ்திரேலியாவைச் சுற்றியும் ஹாங்காங் வரையிலும் பறந்து மீண்டன. 1929 சனவரியில் இவ்வணியே 205-ஆம் விமானப் படையணி என்னும் பெயர் பெற்றது.

ஓடுபாதைகள் அரிதாயிருந்த அந்நாளில் பறக்கும் படகின் பயன் பெரிது. மலாயாவின் கடற்கரை நீண்டது, தீவுகள் பல, நிலமோ காடும் சதுப்பும் நிறைந்தது. காவலான நீர் உள்ள இடமெல்லாம் இவற்றுக்கு விமான நிலையம் ஆயிற்று.

காட்டலினா

1941-இல் இப்படையணிக்குக் காட்டலினா என்னும் புதிய பறக்கும் படகுகள் வந்தன. அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனத்தில் ஐசக் லாடன் என்னும் பொறியியலார் வடிவமைத்த இவ்விமானம் 1935 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்தது. கலிபோர்னியக் கரைக்கு அப்பாலுள்ள சாண்டா காட்டலினாத் தீவின் பெயரை இதற்கு இட்டவர் பிரிட்டிஷார்.

இதன் அமைப்பே இதன் தொழிலைக் காட்டும். 104 அடி நீளமுள்ள ஒற்றை இறக்கை, உடலுக்கு மேலே ஒரு தூணின்மீது நிற்கிறது. இரண்டு இயந்திரங்களும் அவ்விறக்கையிலேயே, நீர்த்தெறிப்புக்கு எட்டாத உயரத்தில் உள்ளன. இறக்கையின் நுனிகளில் உள்ள மிதவைகள் பறக்கும்போது மேலே மடிந்து இறக்கையின் முனைகளாகிவிடும். உடலின் இருபுறமும் கண்ணாடிக் குமிழ்கள் உண்டு. காவலர் அவற்றினுள் அமர்ந்து கடலை நோக்குவர். மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகமே இதன் இயல்பான வேகம். ஆயினும் இறங்காமல் 20 மணி நேரத்துக்கு மேலும் பறக்கவல்லது. உள்ளே படுக்கைகளும் உணவு சூடாக்கும் அடுப்பும் இருந்தன. 1939 நவம்பரில் இதன் நீர்நில வகை மடக்குச் சக்கரங்களோடு பறந்தது. எல்லா வகையும் சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. சிலேத்தாருக்கு வந்தவை சக்கரமில்லாத வகையைச் சேர்ந்தவை.

விரைவு குறைந்த இவ்விமானத்தின் உண்மையான படைக்கலம் குண்டன்று, கண்ணும் வானொலியுமே. 1941 மே 26-இல் அட்லாண்டிக் கடலில் தப்பியோடிய ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க்கைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு காட்டலினாவே. மறுநாள் அக்கப்பல் மூழ்கியது.

வராத செய்தி

1941 டிசம்பர் 6-ஆம் நாள், கோத்தா பாருவிலிருந்து சென்ற ஆஸ்திரேலிய ஹட்சன் விமானம் ஒன்று, இந்தோசீனத்துக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைக் கண்டது. அவை செல்லுமிடம் எது? தாய்லாந்தா, மலாயாவா? இதுவே கேள்வி. தாய்லாந்தினுள் முன்னதாகப் புகுந்து எதிரியைத் தடுக்கும் ‘மாட்டடார்’ என்னும் திட்டம் பிரிட்டிஷாரிடம் இருந்தது. ஆனால் உறுதியான செய்தி இல்லாமல் அயல்நாட்டு எல்லையைக் கடக்கத் தளபதி புரூக்-போப்பம் தயங்கினார்.

அது வடகிழக்குப் பருவமழைக் காலம். டிசம்பர் மாதத்தில் மெர்சிங் கரையில் நின்றவர்கள் அந்த மழையையும் மேகத்தையும் அறிவார்கள். அம்மேகத்தினுள் கப்பல்கள் மறைந்தன. அவற்றைத் தேடிச் சிலேத்தாரிலிருந்து சென்ற முதற் காட்டலினா ஒன்றும் காணாமல் திரும்பியது. டிசம்பர் 7-ஆம் நாள் விடியுமுன் இரண்டாவது காட்டலினா எழுந்தது. அதில் எண்மர் இருந்தனர். தாய்லாந்து வளைகுடாவின் வாயிலில், பூக்குவோக் தீவுக்கு அருகே, ஜப்பானிய மிதவை விமானம் ஒன்று முதலில் அதனைத் தாக்கியது. பின்னர்ப் போர்விமானங்கள் சூழ்ந்து வீழ்த்தின. எண்மரும் மாண்டனர். அவ்விமானத்திலிருந்து ஒரு செய்தியும் சிலேத்தாரை எட்டவில்லை.

பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுவதற்குப் பல மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ந்தது இது. பசிபிக் போரில் நேச நாடுகளின் முதல் உயிரிழப்பு இவ்வெண்மரே எனக் கொள்வர். அடுத்த நள்ளிரவு கடந்ததும் ஜப்பானியர் கோத்தா பாருக் கரையில் இறங்கினர். சனவரி நடுவில் கெமாசிலும் மூவாரிலும் போர் மூண்டது. சனவரி 31-இல் பின்வாங்கிய படைகள் ஜோகூர்க் கடற்பாலத்தைக் கடந்தன. அதன் ஒரு பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டதும், அவர்களுள் மிகப் பலர் திரும்பாததும் இதன் பின்விளைவுகளே.

அக்காட்டலினாவின் செய்தி வந்திருந்தால் மலாயா தப்பியிருக்கும் என்று கூறுவது மிகை. விமானங்களும் கப்பல்களும் போதாமை அன்றைய பெருங்குறை. எனினும் ஐயத்தில் கழிந்த அந்த ஒரு பகலின் விலையை எவரும் சிறிதெனக் கொள்ளார்.

வந்த செய்தி

நான்கு திங்களில் அதே நாடகம் வேறு முடிவோடு நடந்தது. இடம் இலங்கை. காலிக்கு அருகேயுள்ள கொக்கல நீர்நிலையிலிருந்து 1942 ஏப்ரல் 4-ஆம் நாள் ஒரு காட்டலினா புறப்பட்டது. கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பிர்ச்சால் அதன் தலைவர். பிற்பகலில், இலங்கைக்குத் தெற்கே நெடுந்தொலைவில், அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களை அவர்கள் கண்டனர். ஜப்பானியப் போர்விமானங்கள் உடனே பாய்ந்தன. வானொலியாளர் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே காட்டலினா சுடப்பட்டுக் கடலில் வீழ்ந்தது. ஒன்பதின்மரில் மூவர் இறந்தனர், அறுவர் சிறைப்பட்டனர். ஆனால் செய்தி கரை சேர்ந்துவிட்டது.

மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பல ஏற்கெனவே வெளியேறியிருந்தன. இழப்பு இல்லாமல் இல்லை. அன்றே கார்ன்வால், டார்செட்சயர் என்னும் இரு போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின. ஏப்ரல் 9-இல் திருகோணமலை தாக்கப்பட்டது. ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. ஆனால் துறைமுகத்தினுள் போர்க்கப்பல்கள் பல அகப்பட்டு அழிந்த பேர்ல் துறைமுகத்தின் கதி கொழும்புக்கு நேரவில்லை.

அதே நாள்களில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீழ்ந்தது. அச்சம் கொண்ட சென்னை மக்கள் திரள்திரளாக உள்நாட்டுக்குப் பெயர்ந்தனர். அவ்வாண்டிலேயே சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரி காட்டலினாக்களின் தளமாயிற்று. 240-ஆம் படையணி அங்கிருந்து வங்கக் கடலைக் காத்தது. சிங்கப்பூர் வீழ்ந்ததால் அறுந்த ஆஸ்திரேலிய வான்வழியையும் காட்டலினாக்களே இணைத்தன. 1943 முதல் 1945 வரை பெர்த் நகரிலிருந்து கொக்கலவுக்கு அவை இடைநில்லாது பறந்தன. ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ 30 மணி நேரம் ஆனமையால் பயணிகள் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டனர்.

பின் வந்தவை

போருக்குப் பின் சிலேத்தாரில் நான்கு இயந்திரங்கள் கொண்ட சண்டர்லாந்துப் பறக்கும் படகுகள் நிலைகொண்டன. 1948-இல் தொடங்கிய அவசர காலத்தில் அவை மலாயாக் கரையைக் காவல் புரிந்தன. காடுகளின்மேல் குண்டும் வீசின. 1959 மே மாதத்தில் அவற்றின் பணி சிலேத்தாரிலேயே முடிந்தது. பிரிட்டிஷ் விமானப் படையின் பறக்கும் படகுக் காலமும் அங்கேயே முடிந்தது. நெடிய ஓடுபாதைகளும், நிலத்திலிருந்தே தொலைதூரம் செல்லும் விமானங்களும் பெருகிவிட்டமையே காரணம். இன்று சிலேத்தார் ஒரு குடியியல் விமான நிலையம்.

ஆனால் நீர்நில விமானம் மறையவில்லை, தொழில் மாறிற்று. மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் 2005-இல் பணி தொடங்கிய பின், கனடாவின் பாம்பார்டியர் 415 வகையில் இரண்டை வாங்கியது. கடற்காவலுக்கு ஏற்ற இவ்வகை, நீரின்மேல் சறுக்கியவாறே சுமார் 12 விநாடிகளில் 6,000 லிட்டர் நீரை மொண்டு எழுந்து காட்டுத்தீயின்மேல் கொட்டவும் வல்லது. 2013 சூனில் சுமத்திராப் புகைமூட்டத்தால் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746 வரை ஏறி, அவசர நிலை அறிவிக்கப்பட்டதை ஜோகூர் மக்கள் மறவார். 2015-இல் இந்தோனேசியாவின் தீயை அணைக்க மலேசியா அனுப்பியது இவ்வகை விமானத்தையே.

படை வலிமை பெரிதாயிருந்தும், வருவதை முன்னறிந்து சொல்லும் கண் இல்லையேல் அது பயன்படாது. அக்கண்ணாக இருந்தோர் விரைவும் காவலும் குறைந்த ஒரு படகில், தனியே, நெடுநேரம் கடலை நோக்கியிருந்தனர். பிர்ச்சால் குழுவினரை உலகம் இலங்கையின் மீட்பர் எனப் போற்றியது. சிலேத்தாரிலிருந்து சென்ற எண்மரும் செய்தது அதே கடமை. அவர்கள் செய்தி மட்டும் வந்து சேரவில்லை. மாணவர்க்கு மலாயாப் போரைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கோத்தா பாருவிலிருந்து பாடத்தைத் தொடங்குவது வழக்கம். அதற்கு ஒரு நாள் முன்னதாக, தெப்ராவ் நீரிணையில் இருளோடு எழுந்த அந்தப் பறக்கும் படகிலிருந்து தொடங்கினால் பாடம் முழுமை பெறும்.