ஆழியும் அளவும்

மனிதன் கண்ட கருவிகளுள் ஆழிக்கு ஒப்பானது பிறிதொன்று இல்லை எனலாம். மரத்தாலாகிய பழைய வண்டியுருளையில் குடமும், ஆரக்காலும், வட்டையும், வட்டையின்மேல் இறுக்கிய இரும்புப் பட்டையும் தத்தம் கடமையைச் செய்து வந்தன. இக்காலத்து மோட்டார் வண்டியின் சக்கரத்திலும் அவ்வுறுப்புக்களே உருமாறி நிற்கின்றன. ஆரக்காலுக்கு ஈடாக உலோகக் கைகளும், வட்டைக்கு ஈடாக உலோக விளிம்பும், இரும்புப் பட்டைக்கு ஈடாகக் காற்றடைத்த ரப்பர் டயரும் அமைந்துள்ளன. காற்றடைத்த டயருக்கு 1845-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும், 1888-இல் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் பெல்பாஸ்டு நகரில் அதனை மீண்டும் கண்டு காப்புரிமை பெற்ற பின்னரே அது உலகெங்கும் பரவிற்று.

மோட்டார் வண்டிகளுள் ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஒரு தனி இனம். பெருஞ்சுமை ஏற்றுதலோ, பலரைச் சுமத்தலோ அதன் நோக்கமன்று. விரைந்து செல்லுதல், வளைவுகளில் பிறழாது திரும்புதல், ஓட்டுபவரின் கைக்குறிப்பை உடனே ஏற்றல் ஆகியவையே அதன் இலக்கணமாம். இத்தகைய காரை உடையவர் பலர், அது தொழிற்சாலையிலிருந்து பூண்டு வந்த சக்கரங்களை நீக்கிவிட்டு, வேறு நிறுவனத்தார் செய்த பெரிய அலாய் சக்கரங்களையும் அகன்ற டயர்களையும் பூட்ட விழைகின்றனர். இவ்விழைவு தன்னளவில் குற்றமுடையதன்று. ஆயினும், அளவறியாது செய்யின் அதுவே உயிருக்கு ஊறாதலும் கூடும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். ஜப்பான் நாட்டு மஸ்தா நிறுவனத்தார் எம்எக்ஸ்-5 என்னும் சிறிய திறந்த காரை 1989-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிகாகோ மோட்டார் காட்சியில் முதன்முதல் வெளியிட்டனர். இருவர் மட்டுமே அமரத்தக்க அக்காரின் எடை ஏறத்தாழ 950 கிலோகிராம். குதிரையும் அதன்மேல் அமர்ந்த வீரனும் ஓருடலாதல் என்னும் பொருளுடைய ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரை அதனை வகுத்தோர் தம் குறிக்கோளாகக் கொண்டனர். 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவ்வகைக் கார்களுள் பத்து இலட்சமாவது கார் செய்து முடிக்கப்பட்டது. சக்கரம் மாற்றுவோர் மிகுதியாகக் கைவைக்கும் கார்களுள் இதுவும் ஒன்றாகும்.

முதற்கண் வெளிவந்த எம்எக்ஸ்-5 காரின் டயரில் 185/60 ஆர் 14 என்னும் குறி பொறிக்கப்பட்டிருந்தது. இக்குறியைப் படிக்கக் கற்றலே இக்கலையின் அரிச்சுவடி. 185 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு என்பதைக் குறிக்கும். அஃதாவது 111 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்பது உள்ளிழைகள் ஆரைபோல் நேராக ஓடும் ரேடியல் வகை என்பதைக் காட்டும். 14 என்பது டயர் அமரும் விளிம்பின் விட்டம் அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் ஆதலின், விளிம்பின் விட்டம் 355.6 மில்லிமீட்டர். அதனோடு மேலும் கீழுமாக நிற்கும் இரு பக்கச்சுவர்களின் உயரத்தைக் கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் 577.6 மில்லிமீட்டர் ஆகும்.

இனி, ஒருவர் 15 அங்குலச் சக்கரத்தைப் பூட்டி, 195/50 ஆர் 15 என்னும் டயரை அணிவிக்கிறார் எனக் கொள்வோம். மேற்கூறிய முறையால் கணக்கிட, முழு விட்டம் 576 மில்லிமீட்டர் என வரும். பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு இரண்டு மில்லிமீட்டரும் இல்லை. விளிம்பு வளர்ந்த அளவிற்குப் பக்கச்சுவர் குறுகிற்று. அதனால் முழு விட்டம் மாறவில்லை. 205/45 ஆர் 16 என்னும் டயரை அணிவித்தால் விட்டம் 590.9 மில்லிமீட்டராகி, 2.3 விழுக்காடு மிகும். 215/40 ஆர் 17 என்பதனை அணிவித்தாலோ 603.8 மில்லிமீட்டராகி, 4.5 விழுக்காடு மிகும். இவ்வேறுபாடு மூன்று விழுக்காட்டைக் கடத்தலாகாது என்பது தொழிலறிந்தோர் பலரும் கைக்கொள்ளும் வரம்பு.

விட்டம் மிகுந்தால் விளையும் கேடு யாது? முதலில், வேகமானி பொய்யுரைக்கும். பழைய சக்கரம் ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 551 முறை சுழலும். 17 அங்குலச் சக்கரமோ 527 முறையே சுழலும். சுழற்சியைக் கொண்டே வேகத்தைக் கணிக்கும் கருவி அம்மாற்றத்தை அறியாது. ஆதலால், முள் 100 கிலோமீட்டர் எனக் காட்டும்போது கார் உண்மையில் 104 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து, எஞ்சின் தரும் இழுவிசை தரையில் அதே விழுக்காட்டளவு குறையும். விரைவு வேண்டிப் பெரிய சக்கரம் பூட்டியவர் தம் கார் முன்னினும் சோம்பிப் புறப்படுவதைக் கண்டு வியப்புறுதல் இதனாலேயாம்.

விட்டம் ஒத்தது கொண்டே சக்கரம் பொருந்திற்று எனத் துணிதல் கூடாது. எம்எக்ஸ்-5 காரின் தொடக்கக் கால வகையில் நான்கு போல்ட்டுகள் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின்மேல் அமைந்துள்ளன. நடுக்குடத்தின் விட்டம் 54.1 மில்லிமீட்டர். புதுச் சக்கரத்தின் போல்ட்டுத் துளைகள் அவ்வட்டத்தோடு முற்றும் ஒத்தல் வேண்டும். நடுத்துளை குடத்தைவிடச் சிறிதாயின் சக்கரம் ஏறாது. பெரிதாயின், இடைவெளியை நிரப்பும் வளையம் ஒன்றை இடுதல் நன்று. அது சக்கரத்தை நடுவில் நிறுத்திப் பொருத்தத் துணைசெய்யும்.

இவையனைத்தினும் நுட்பமானது ‘ஆஃப்செட்’ எனப்படும் விலகலளவு. சக்கரத்தின் அகலத்தை இரு பாதியாக்கும் நடுக்கோட்டிலிருந்து, அது குடத்தோடு பொருந்தும் முகம் எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதே அவ்வளவு. பழைய சக்கரத்தின் அகலம் 5½ அங்குலம். விலகலளவு 45 மில்லிமீட்டர். அகலத்தில் பாதி 69.9 மில்லிமீட்டர். எனவே, பொருந்துமுகத்திலிருந்து சக்கரம் வெளிப்புறம் 24.9 மில்லிமீட்டரும், உட்புறம் 114.9 மில்லிமீட்டரும் நீண்டிருந்தது. இனி, 7 அங்குல அகலமும் 35 மில்லிமீட்டர் விலகலளவும் உடைய புதுச் சக்கரத்தைக் கருதுக. அது வெளிப்புறம் 53.9 மில்லிமீட்டரும், உட்புறம் 123.9 மில்லிமீட்டரும் நீளும். அஃதாவது, பழையதைக் காட்டிலும் வெளியே 29 மில்லிமீட்டரும் உள்ளே 9 மில்லிமீட்டரும் இடம் வேண்டும். கடையில் சக்கரத்தின் அழகைக் காண்பதற்கு முன் இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்ப்பவர் ஏமாறார்.

கணக்கிற்குப் பின்னும் கண்கூடாகச் சோதித்தல் வேண்டும். முன்சக்கரங்களை இருபுறமும் முழுமையாகத் திருப்பியும், வில்லை அழுத்தியும் பார்த்தல் வேண்டும். நின்ற காரில் உரசாத டயர், இருவர் ஏறிய காரில், வளைவில், மேடு பள்ளத்தில் மட்கார்டின் விளிம்பைத் தொடக்கூடும். கூரிய தகட்டு விளிம்பு விரைந்து சுழலும் டயரின் பக்கச்சுவரைச் சிறிது சிறிதாக அறுத்து, ஒருநாள் வெடிக்கச் செய்யும். அந்நாள் எந்நாள் என்று எவரே அறிவார்? மேலும், சக்கரம் வெளியே தள்ளி நிற்குந்தோறும் தாங்குருளையின்மேல் விழும் சுமை கூடும். சாலையின் மேடு பள்ளங்கள் ஓட்டுபவரின் கையிலுள்ள திருப்புவளையத்தை இழுத்துப் பறிக்கும்.

இத்துணை இடர்ப்பாடு இருப்பினும், பெரிய சக்கரத்தால் நன்மையே இல்லையோ எனின், உண்டு. பக்கச்சுவர் குறுகியிருந்தால் வளைவில் அது மிகுதியாக நெளியாது. ஆதலின், கையசைவைக் கார் உடனே ஏற்கும். பெரிய விளிம்பினுள் பெரிய பிரேக்குத் தட்டுக்கு இடம் கிடைக்கும். டயர் அகன்றால் தரையைத் தொடும் பரப்புப் பன்மடங்கு மிகும் என்று பலர் எண்ணுவர், அஃது உண்மையன்று. இருவர் அமர்ந்த காரின் எடை 1100 கிலோகிராம் எனின், ஒரு சக்கரத்தின் பங்கு ஏறத்தாழ 275 கிலோகிராம். டயரினுள் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.8 கிலோகிராம் எனின், தரை தொடும் பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர். அஃது ஓர் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு. அகன்ற டயரில் இப்பரப்பு நீளம் குறைந்து அகலம் மிகும். இவ்வடிவ மாற்றம் உலர்ந்த வளைவில் பிடிப்பைத் தரும். மழைநீர் தேங்கிய சாலையிலோ, அகன்ற டயர் நீரை விலக்க இயலாது அதன்மேல் எளிதில் மிதக்கும். நான்கு உள்ளங்கையளவு ரப்பரின்மேல்தான் காரும் அதில் உள்ளோர் உயிரும் நிற்கின்றன என்பதை ஓட்டுவோர் மறத்தல் ஆகாது.

எடையும் எண்ணத்தக்கது. சக்கரத்தின் விளிம்பில் கூடும் ஒரு கிலோகிராம், காரின் உடலில் கூடும் ஒரு கிலோகிராமுக்கு நிகரன்று. அது முன்னோக்கிச் செல்லுதலோடு சுழலவும் வேண்டுமாதலால், வேகமெடுக்கும்போது ஏறத்தாழ இருமடங்கு சுமையாக நிற்கும். அதுவேயன்றி, வில்லின் கீழ் உள்ள எடை மிகுமாயின், சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறித் தரையைத் தழுவிச் செல்லும் திறன் குறையும். குறுகிய பக்கச்சுவரில் காற்றுமெத்தை சிறிதாதலால், குழியில் விழுந்த அடி நேரே விளிம்பைத் தாக்கி வளைக்கும். எனவே, அளவில் பெரிதாயினும் எடையில் மிகாத சக்கரத்தையே அறிவுடையோர் தேர்வர்.

டயரின் சுமையெண்ணையும் காணுதல் கடமை. மேற்கூறிய பழைய டயரின் சுமையெண் 82. அஃது ஒரு டயர் 475 கிலோகிராம் தாங்கும் என்பதன் குறி. புது டயரின் எண் அதற்குக் குறைதல் கூடாது. பூட்டும்போது, சக்கரத்தின் துளைவாய்க்கு ஏற்ற வடிவுடைய நட்டுக்களையே பயன்படுத்துதல் வேண்டும். அவற்றை ஒன்றற்கு எதிர் ஒன்றாக, முறுக்களவு காட்டும் ஸ்பேனரால் தயாரிப்பாளர் குறித்த அளவிற்கு இறுக்குதல் வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பார்த்தல் நன்று. தளர்ந்த நட்டினால் கழன்றோடும் சக்கரம், காரில் உள்ளோரையன்றிச் சாலையில் செல்வோரையும் கொல்லவல்லது.

பிறர் உயிரும் இதில் அடங்கியிருத்தலின், அரசுகள் இதனைத் தனி மனிதர் விருப்பத்திற்கு விட்டுவிடவில்லை. ஜெர்மனியில் மாற்றுச் சக்கரத்திற்கு உரிய சான்றிதழ் வேண்டும். அஃதின்றிப் பூட்டினால் காரை ஓட்டும் உரிமையே போகக்கூடும். ஜப்பானில் புதிய சொந்தக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் ‘ஷாக்கென்’ என்னும் கட்டாயத் தணிக்கை நிகழ்கின்றது. உடலுக்கு வெளியே துருத்தி நிற்கும் சக்கரமுடைய கார் அத்தணிக்கையில் தேறாது.

காரின் ஒவ்வோர் உறுப்பும் மற்றோர் உறுப்பை நோக்கி அளந்து அமைக்கப்பட்டது. ஒன்றை மாற்றுபவர் பிறவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விட்டம், துளைவட்டம், விலகலளவு, எடை, சுமையெண் ஆகிய ஐந்தனையும் அளந்தறிந்து பூட்டிய சக்கரம் காருக்கு அணியும் ஆகும், வலிமையும் ஆகும். கண்ணைக் கவர்ந்தது என்பதனாலேயே பூட்டிய சக்கரமோ கடையில் அழகாயிருந்து சாலையில் பகையாகும். பெரிதாதல் வேறு, சிறந்ததாதல் வேறு. அவ்விரண்டிற்கும் இடையே நிற்பது அளவு ஒன்றே.