பாம்பறிந்தவர்களும் சர்வகலாசாலையும்

பாலாவி உப்பள வரம்பில் வேலை செய்யும் ஒருவரைப் புடையன் தீண்டிவிட்டால், உறவினர் அவரைப் புத்தளம் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவர். அங்கே அவருடைய நரம்பில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது. அம்மருந்துகளுக்கு மூலமான விஷத்தில் பெரும்பங்கோ, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், இருளர் என்னும் ஆதிகுடி மக்கள் தம் கையால் இறக்கிக் கொடுப்பது. இக்கரையில் பலரும் அறியாத உபகாரம் இது.

பாம்பு பிடித்துத் தோல் விற்று ஜீவித்த அம்மக்களின் தொழில், 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் பின்வந்த ஏற்றுமதித் தடையாலும் அஸ்தமித்தது. ரோமுலஸ் விட்டேக்கர் என்னும் ஊர்வன ஆராய்ச்சியாளர் துணைநிற்க, 1978 இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பிறந்தது. நாகத்தையும் மூவகை விரியனையும் உயிருடன் பிடித்து, துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் சில வாரம் வைத்திருந்து, கண்ணாடிக் குடுவைமேல் இழுத்துக் கட்டிய சவ்வைக் கடிக்கச் செய்து விஷத்தை இறக்கி, மீண்டும் பிடிபட்டால் தெரியும்படி வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். வளை வாயிலின் மண்ணில் உடல் உரசிய தடத்தையும், காய்ந்த எச்சத்தையும், உரித்த சட்டையையும் பார்த்தே உள்ளிருப்பது இன்னதென்று நிதானிக்கும் அவர்களுடைய சாமர்த்தியம் பள்ளிப் படிப்பால் வந்ததன்று.

2017 ஜனவரியில் புளோரிடா சர்வகலாசாலையார், தங்கள் சதுப்புநிலத்தை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்கும் வழி தெரியாமல் திகைத்து, மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளரை வரவழைத்தார்கள். வந்த சில நாட்களிலேயே 13 பாம்புகள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று, பாழடைந்த ஏவுகணைத் தளமொன்றின் இடிபாட்டுக்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண்பாம்பு.

இவ்வாறு ஆதிகுடி அறிவைச் சர்வகலாசாலைகள் நாடுவது வேறிடத்திலும் உண்டு. ஆதிகுடிகளின் பிள்ளைகளைக் குடும்பத்தினின்று பிரித்துப் பள்ளிகளில் அடைத்த கொடுமையை ஆராய்ந்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2015 இல் 94 பரிந்துரைகளை முன்வைத்த பின்னர், அங்குள்ள விஞ்ஞானத் துறைகள் அக்குடிகளின் அறிவுக்கும் மாணவருக்கும் இடமளிக்கப் பிரயத்தனம் செய்கின்றன. எனினும், விழாவுக்கு அழைத்து நடனமாடச் செய்வது வேறு, ஆசானாக அமர்த்துவது வேறு என்பதே என் கருத்து. நம் இலங்கையிலும், 1983 இல் மதுரு ஓயா தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, அவ்வனத்தின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்திருந்த ஆதிகுடிகளான வேடர்களை அதன் காவலாசான்களாக வைக்காமல் வெளியே அனுப்பினோமே!

இந்தியாவிலோ, மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. விருது முதியவர்களைக் கௌரவித்தது. இருளர் குடியின் சிறுமி ஒருத்தி விலங்கியல் படிக்க ஒதுக்கீட்டு இடம் கேட்டாலோ, தான் பழங்குடியினள் என்று கோட்டாட்சியர் கையொப்பமிட்ட சான்றிதழை முதலில் காட்ட வேண்டும். அந்தக் காகிதம் கிடைக்காமலே பள்ளியோடு நின்றுவிட்ட இருளர் பிள்ளைகள் பலர்.