கயிறு மாறினால் கடமை தீர்ந்ததா?



மளிகைக் கடைக்காரருக்குக் குதிரை வியாபாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கொள்ளு மூட்டையைப் பிரித்து, படியால் அளந்து ஜட்கா வண்டிக்காரர்களுக்கு விற்றவர்கள் நாம். அந்த உறவில்தான் இதை எழுதுகிறோம்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில், ஆடி மாதம் குருநாதசுவாமி கோவில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. ராஜஸ்தானத்து மார்வாரி, குஜராத்துக் காத்தியவாரி, நம் பக்கத்து நாட்டுக் குதிரை, குழந்தைகள் ஏறும் மட்டக் குதிரை என்று பலவும் வருகின்றன. மார்வாரிக்கும் காத்தியவாரிக்கும் காது நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். அதுவே அடையாளம். வாங்க வருபவர் பல்லைப் பிடித்து வயதைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டும் ஓடவிட்டும் காலைப் பார்ப்பார்.

இவ்வளவு சோதனை எதற்கு? கயிறு கை மாறிவிட்டால் பிறகு பேச்சில்லை என்பது பழைய வழக்கம். மாணிக்கவாசகர் கதை நமக்குத் தெரியும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போனவர் திருப்பெருந்துறையில் கோவில் பணியில் ஈடுபட்டார். இறைவனே குதிரை வணிகராக வந்து, கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். இரவில் குதிரைகள் எல்லாம் நரிகளாயின. கயிறு மாறிய பின் பழி வாங்கியவர் தலையில்தான் விழுந்தது.

கதை இருக்கட்டும், வரலாற்றுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து குதிரைகள் வந்ததை எழுதியிருக்கிறார். ஓர் அரசர் மட்டும் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவாராம். ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. வணிகர்கள் குதிரை வைத்தியரை உடன் அழைத்து வருவதில்லை. வேறு வைத்தியர் வருவதையும் தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே மறுபடி விற்கலாம்!

பாரசீகத்து வஸ்ஸாஃப் இன்னொன்று சொல்கிறார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். கடலில் குதிரை இறந்தாலும் அதன் விலையை அரசரே கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். விற்பவருக்கு எந்தப் பக்கமும் நட்டமில்லை. லாபம் பெரிது, ஆனால் அதை நாணயமான வியாபாரம் என்று யார் சொல்வார்கள்?

இன்று சட்டமும் மாறிவிட்டது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்து, அதற்கு விலக்குகளையும் சொன்னது. 1986இலும் பிறகு 2019இலும் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்கள் பொறுப்பை நம் பக்கம் இன்னும் நகர்த்திவிட்டன. 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்ற பதில் இனி எடுபடாது.

சட்டம் வரும் முன்பே எங்களுக்கு இந்தப் பாடம் கிடைத்தது. எழுபதுகளில், கோவிலம்பாக்கம் ஏரியும் வயலுமாக இருந்த நாளில், பல்லாவரம் பக்கம் ஜட்கா ஓட்டிய ஒருவர் எங்கள் கடையில் அரை மூட்டைக் கொள்ளு வாங்கிப் போனார். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மொதலாளி, அடியில பூரா வண்டு. நானா இருந்தா பொடைச்சுத் தின்னுடுவேன். அது வாயில்லாத ஜீவன்" என்றார்.

நாங்கள் சிறுவர்கள். மூட்டையைத் திறந்து காட்டித்தானே கொடுத்தோம் என்று வாதாடினோம். எங்கள் தந்தையார் எங்களை அதட்டிவிட்டு, புதுக் கொள்ளு அளந்து கொடுத்தார். "மேல இருக்கறத அவர் பார்த்தார். அடியில இருக்கறது நமக்குத்தான் தெரியணும்" என்றார். அந்த ஜட்காக்காரர் வண்டியை விடும் வரை வேறு கடைக்குப் போகவில்லை.

இப்போது நம் பக்கம் கொள்ளு கேட்பவர்கள் உடம்பு இளைக்க விரும்புகிறவர்கள். ஆள்தான் மாறியிருக்கிறார், மூட்டையின் அடிப்பகுதி இன்றும் நம் பொறுப்புதான்.