கடற்கரை இடப்பெயர்களைப் பதிவுசெய்தல்: அரன் தீவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அயர்லாந்தின் மேற்குக் கடற்பகுதியிலுள்ள அரன் தீவுகளின் கரையோர இடப்பெயர்கள் எழுத்தில் பதிவான முறையை இக்கட்டுரை விளக்குகிறது. ஒலிப்பு, பொருள், பயன்பாடு ஆகிய மூன்றும் ஒருங்கே பதிவாகாதவிடத்துப் பெயர் எஞ்சினும், அது தாங்கிய அறிவு எஞ்சுவதில்லை என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இடப்பெயராய்வு, அரன் தீவுகள், ஐரிய மொழி, நில அளவை, கள ஆய்வு.

முன்னுரை

கால்வே வளைகுடாவின் வாயிலில் அமைந்த அரன் தீவுகள் மூன்று. சுண்ணாம்புப் பாறையாலான இத்தீவுகளில் ஐரிய மொழி இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. பெரிய தீவின் தென்மேற்குக் கரை அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கிய செங்குத்துப் பாறைகளால் ஆனது. குடியிருப்பு இல்லாத இக்கரையிலும் முனை, பிளவு, குகை எனப் பலவற்றுக்குத் தனிப்பெயர்கள் உண்டு. அவற்றுட் பல வாய்மொழியாகவே வழங்கிவந்தன.

நில அளவையும் எழுத்துக்கூட்டலும்

பிரித்தானிய அரசு அயர்லாந்து முழுமைக்குமான நில அளவையை 1824இல் தொடங்கியது. அப்பணியில் இடப்பெயர்களை ஆராய்ந்த ஐரிய அறிஞர் ஜான் ஓடோனவன் 1839இல் அரன் தீவுகளுக்குச் சென்றார். பெயரேடுகளில் ஐரிய வடிவங்கள் குறிக்கப்பட்டபோதிலும், அச்சான வரைபடங்களில் ஆங்கில எழுத்துக்கூட்டலே இடம்பெற்றது.

இதனால் நேர்ந்த இழப்பைப் பெயர்களின் முற்கூறாக வரும் ‘கில்’ என்பது காட்டும். ஐரியத்தில் தேவாலயத்தைக் குறிக்கும் சொல்லும் காட்டைக் குறிக்கும் சொல்லும் வெவ்வேறானவை. ஆங்கில எழுத்துக்கூட்டலிலோ இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழின் ல, ள, ழ மூன்றையும் ஒரே உரோமன் எழுத்தால் எழுதுவதை ஒத்தது இது. எழுத்தை மட்டும் காண்பவர், ஓர் ஊர் தேவாலயத்தால் பெயர் பெற்றதா காட்டால் பெயர் பெற்றதா என அறிய இயலாது.

மொழிபெயர்ப்பின் எல்லை

பெயரை மொழிபெயர்ப்பதும் முழுத் தீர்வாகாது. பெரிய தீவின் பாறைத்தளத்தில் இயற்கையாகவே செவ்வக வடிவில் அமைந்த ஆழ்குளம் ஒன்று ‘போல் ந பேஷ்த்’ எனப்படுகிறது. ஆங்கிலத்தில் இது ‘புழுத்துளை’ என வழங்குகிறது. ஆனால் ‘பேஷ்த்’ என்னும் ஐரியச் சொல் புழுவை மட்டுமன்றி, கதைகளில் வரும் பெரும் நீர்ப்பாம்பையும் குறிக்கும். அடியில் கடலோடு தொடர்புற்று அலை பொங்கும் அக்குளத்திற்குப் பின்னைய பொருளே இயைபுடையது. மொழிபெயர்ப்பு ஒரு பொருளைக் கொண்டு மற்றதைக் கைவிட்டது.

பயன்பாட்டோடு இணைந்த பதிவு

இலண்டனில் ஓவியராக இருந்த டிம் ராபின்சன் 1972இல் இத்தீவில் குடியேறி, ஐரியம் கற்று, கரை முழுவதும் நடந்து, தீவினரிடம் கேட்டுப் பெயர்களைத் தொகுத்தார். அவரது முதல் வரைபடம் 1975இல் வெளியானது. 1986இல் வெளியான நூலில் கரையைச் சுற்றிவரும் வரிசையிலேயே பெயர்களையும் அவற்றைச் சார்ந்த வழக்காறுகளையும் விளக்கினார்.

இம்முறையின் சிறப்பு, பெயரைத் தொழிலோடு சேர்த்துக் கேட்டதாகும். தீவினர் பாறைவிளிம்புகளில் அமர்ந்து, கீழே கடலில் தூண்டில் கயிற்றை இறக்கி மீன் பிடித்தனர். கரையில் கடற்பாசி சேகரித்தனர். எவ்விடத்தில் இறங்கலாம், எங்கு அமரலாம் என அறிய அவர்களுக்குப் பெயர்கள் வேண்டியிருந்தன. தொழில் நின்றபின் அப்பெயரைச் சொல்லவேண்டிய தேவையும் நின்றுவிடுகிறது. மொழி வாழும் தீவிலும் பெயர் மறைவதற்கு இதுவே காரணம்.

முடிவுரை

ஐரியம் வழங்கும் பகுதிகளில் ஐரிய வடிவங்களே 2005 முதல் அதிகாரப்பூர்வப் பெயர்களாக உள்ளன. இதனால் எழுத்துக்கூட்டல் சிதைத்த ஒலிப்பும், அதன்வழிப் பொருளும் பெருமளவு மீட்கப்பட்டன. பயன்பாட்டை ஆணையால் மீட்க இயலாது; அதனை அறிந்தவர் வாழும் காலத்திலேயே, உரிய இடத்தில் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். ஆதலின் கரையோரக் கள ஆய்வில் ‘இவ்விடத்தின் பெயர் என்ன?’ என்னும் வினாவோடு ‘இங்கு என்ன செய்தீர்கள்?’ என்னும் வினாவும் இடம்பெறுதல் இன்றியமையாததாகும்.