அடிவாரத்து பேக்கரியும் டெல்லி ஸ்டாலும்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் கோரிமேடு தாண்டி கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாகத்தான் அடிவாரத்துக்கு வருகிறார்கள். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மலை ஏறுமுன் ஒரு டீ, ஒரு பன் என்பது இந்தச் சாலையின் பழைய வழக்கம். பன் இன்னும் இருக்கிறது. அதைச் சுடுகிறவரின் பாடுதான் தலைகீழாக மாறிவிட்டது.

அன்று எங்கள் பக்கத்து பேக்கரி என்றால் விறகு அடுப்பு. செங்கல்லால் குகை போலக் கட்டியிருப்பார்கள். சாயங்காலமே உள்ளே விறகை அடுக்கி எரியவிடுவார்கள். சுவர் முழுக்கச் சூடு ஏறியதும் தணலை வாரி ஓரம் தள்ளி, ஈரச் சாக்கால் தரையைத் துடைப்பார்கள். மாஸ்டர் ஒரு பிடி மைதாவை உள்ளே வீசிப் பார்ப்பார். உடனே கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். நிதானமாகச் சிவந்தால் தட்டு உள்ளே போகலாம். சூட்டை அளக்க அவருக்கு வேறு கருவி கிடையாது. விடியும் முன் பன்னும் பொறையும் ரஸ்க்கும் தகரப் பெட்டியில் அடங்கி, சைக்கிள் கேரியரில் ஏறி, டீக்கடை டீக்கடையாக இறங்கும்.

ரொட்டி அன்று பசிக்குச் சாப்பிடும் பொருளாக இல்லை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பாலில் தோய்த்துக் கொடுக்க வாங்குவார்கள். பொட்டலத்தில் தேதி இருக்காது, பெயர்கூட இருக்காது. நேற்றுப் போட்டதா, இன்றைக்கா என்று கேட்டால் கடைக்காரர் முகமே பதில் சொல்லும். அந்த முகத்தை நம்பித்தான் வியாபாரம் நடந்தது.

இன்று அடுப்பு மாறியது பெரிய சங்கதி இல்லை. டீசலோ கரண்டோ, தட்டுகள் உள்ளே சுழன்று ஒரே சீராக வேகின்றன. சட்டமும் சந்தையும் மாறியதுதான் பெரிய சங்கதி. சிறுதொழிலுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கடைசி 20 பொருள்களையும் மத்திய அரசு 2015 ஏப்ரலில் பெரிய கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது. ஊறுகாய், தீப்பெட்டியோடு ரொட்டியும் அந்தப் பட்டியலில் இருந்தது. மறு வருஷம் மாவில் சேர்க்கும் பொட்டாசியம் புரோமேட்டுக்குத் தடை வந்தது. 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. வனஸ்பதியை நம்பிய கைப்பக்குவத்தையெல்லாம் மாஸ்டர்கள் மறுபடி பழக வேண்டியிருந்தது. இது நல்ல மாற்றம், வந்தே ஆக வேண்டிய மாற்றம்.

அடுத்த மாற்றம் உணவுக் கண்காட்சி. டெல்லியில் மார்ச் மாதம் இந்திய வர்த்தக மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் ஆஹார் இவற்றில் பெரியது. அங்கே ஒரு ஸ்டால் என்றால் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடம், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேலே பெயர்ப் பலகை. பல் குச்சி குத்திய சாம்பிள் துண்டுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நிற்க வேண்டும். வருகிறவர் ஒரு துண்டை வாயில் போடுவார், நன்றாக இருக்கிறது என்பார். பிறகுதான் கேள்விகள் வரும். எத்தனை நாள் தாங்கும்? லேப் ரிப்போர்ட் இருக்கிறதா? 890-ல் தொடங்கும் பார்கோடு உண்டா? மாதம் எத்தனை பெட்டி தர முடியும்? ஊரில் செல்லுபடியான முகம் இங்கே செல்லாது. பாக்கெட்தான் பேச வேண்டும்.

பன்னோடு போனால் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுவோம். ஈரமுள்ள பண்டம் மூன்று நாளில் பூசணம் பிடிக்கும். ஈரம் வற்றிய பிஸ்கட்டும் ரஸ்க்கும் மாதக்கணக்கில் நிற்கும். அதற்காக வெண்ணெய் பிஸ்கட்டை எடுத்துப் போவதிலும் பயனில்லை, அது நான்கு ஸ்டாலுக்கு ஒன்றில் இருக்கும். ஊட்டி வர்க்கியைப் பாருங்கள். டீக்கடை பாட்டிலில் கிடந்த பண்டம்தானே? வாழைப்பழமும் ரவையும் சர்க்கரையும் சேர்த்துப் புளிக்கவைத்த மாவாவை வைத்து நீலகிரிக்காரர்கள் பிடிவாதமாக அதே முறையில் சுட்டார்கள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலம் ஜவ்வரிசிக்கும் அதே வருஷம்தான் கிடைத்தது.

நமக்கு என்ன குறை? தலைக்கு மேலே சேர்வராயன் மலை. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி இன்றும் அங்கே காய்க்கிறது, கூடவே மிளகும். நாமக்கல் பக்கம் கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைகின்றன. சாமை மாவில் இழுவை கிடையாது, ரொட்டியாக உப்பாது. ஆனால் கடித்தால் நொறுங்கும் பிஸ்கட்டுக்கு அதுவே வாகு. ஏற்காடு மிளகு போட்ட சாமை பிஸ்கட், காப்பித் தூள் சேர்த்த ரஸ்க் என இரண்டே பண்டம் போதும். பத்து வகையைப் பரப்பினால் எதுவும் மனதில் நிற்காது.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். 2020-ல் தொடங்கிய குறு உணவு நிறுவனங்கள் திட்டத்தில் இயந்திரத்துக்கு 35 சதவீத மானியம், 10 லட்ச ரூபாய் வரை உண்டு. சிறு நிறுவனங்களுக்கு ஸ்டால் வாடகையில் பெரும் பகுதியைத் திருப்பித் தரும் திட்டமும் இருக்கிறது. என் கவலை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. ஊர் திரும்பியதும் மாஸ்டர் மறுபடி ராத்திரி அடுப்படிக்குப் போய்விடுவார். வாங்கி வந்த விசிட்டிங் கார்டுகள் கல்லாப் பெட்டியில் தூங்கும். வீட்டில் படித்த பிள்ளை ஒருவர், ஒரு வாரத்துக்குள் அத்தனை பேரையும் போனில் கூப்பிட வேண்டும். கண்காட்சியின் பாதி வேலை அதுதான்.

அடுத்த முறை ஏற்காடு போகும்போது அடிவாரத்து பேக்கரியில் வண்டியை நிறுத்துங்கள். ஒரு பாக்கெட் வாங்கித் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணும், தயாரித்த தேதியும், ஊர்ப் பெயரும் இருந்தால் நன்றாக இருக்கிறது என்று கல்லாவில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இல்லையென்றால், போடச் சொல்லுங்கள்.